கூலிக்கு விற்றது உழைப்பை, உடம்பை அன்று!

மஞ்சக்குப்பத்தில் ஆணை பிறந்த இடத்துக்கும் ஊசி போட்ட இடத்துக்கும் நெடுந்தொலைவு இல்லை. வெள்ளையர் காலத்து ஆட்சியர் அலுவலகக் கட்டடம் திடலை நோக்கி நிற்கிறது. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை அதற்கு அணித்தே உள்ளது. 2021-ஆம் ஆண்டில், கொரோனா என்று உலகம் அழைத்த மகுடை நோய் நாட்டைச் சூறையாடியபொழுது, ஆணைக்கும் ஊசிக்கும் நடுவே ஒருவன் நிறுத்தப்பட்டான். அவன்தான் கூலியாள். ஆணை எழுதும்பொழுது அவனை எவரும் கேட்கவில்லை. அதற்குக் கீழ்ப்படியும்பொழுது மட்டும் அழைத்தனர்.

கடைத்தெருவில் உள்ள ஒரு துணிக்கடையை எண்ணிப் பார்ப்போம். காலை முதல் இரவு வரை நின்ற காலிலேயே நின்று, புடைவைகளை விரித்துக் காட்டியும் மடித்து வைத்தும் கூலி பெறும் பெண் ஒருத்தி அங்கு இருக்கிறாள். 'நாளைக்குள் ஊசி போட்ட சான்றிதழைக் கொண்டு வா. இல்லையேல் வேலைக்கு வாராதே' என்கிறார் முதலாளி. அவள் ஊசிக்குப் பகையானவள் அல்லள். தன் குழந்தைக்குப் போடவேண்டிய ஊசிகள் அனைத்தையும் தவறாது போட்டவள். அவள் கேட்பது ஒன்றே: 'ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும் என்கிறார்களே, அந்த இரண்டு நாள் கூலியை யார் தருவார்?'

முதலாளியிடம் இதற்கு விடை இல்லை. ஆணையிட்ட அலுவலரிடமும் இல்லை. விடைக்கு மாறாக அவளுக்குக் கிடைப்பது ஒரு பட்டம். 'அறியாதவள்' என்னும் பட்டம். கேள்வி கேட்கும் ஏழைக்கு இந்த நாடு எளிதில் வழங்கும் பட்டம் அஃது ஒன்றுதானே!

ஊசி பகையன்று

முதற்கண் ஒன்றை ஐயத்துக்கு இடமின்றிக் கூறிவிடுதல் வேண்டும். தடுப்பூசி மாந்த அறிவு ஈன்ற பெருங்கொடைகளுள் ஒன்று. ஊர் ஊராக வாரிக்கொண்டு போன பெரியம்மையை உலகினின்றும் துடைத்தெறிந்தது அதுதான். இந்தியாவில் 1975-ஆம் ஆண்டோடு பெரியம்மை ஒழிந்தது. 1980-இல் உலகமே அந்நோயினின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பெற்றது. 'அம்மை குத்துகிறவர்' தெருவுக்குள் வந்தால் குதிருக்குப் பின்னால் குழந்தைகளை ஒளித்து வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று முகத்தில் வடு இன்றி நடமாடுகிறார்கள். 2014-இல் இளம்பிள்ளை வாதமும் இந்நாட்டில் ஒழிந்ததாகச் சான்று தரப்பட்டது. மகுடை நோய்க்கான ஊசியும் கடுநோயையும் சாவையும் பெரிதும் குறைத்தது. இதனை மறுப்பவன் அறிவியலை மறுப்பவன். அவனுக்கு இப்பக்கங்களில் இடம் இல்லை.

ஆயினும், ஒரு பொருள் நல்லது என்பதனாலேயே அதனை ஒருவன் உடம்பில் அவன் இசைவின்றி ஏற்றும் உரிமை பிறர்க்கு வந்துவிடுமா? சோறும் நல்லதுதான். அதற்காக ஒருவன் வாயைப் பிளந்து திணிப்பதை விருந்தோம்பல் என்று எவரேனும் சொல்வரோ? ஊசி நல்லதா தீயதா என்பது மருத்துவர் ஆயும் கேள்வி. ஊசியின் பெயரால் ஒருவன் வேலையைப் பறிக்கலாமா, பறிப்பவன் எந்தச் சுமையை ஏற்கிறான் என்பது அறத்தின் கேள்வி. முதற் கேள்விக்குரிய விடையைக் காட்டி இரண்டாம் கேள்வியின் வாயை அடைப்பதே நடந்தது.

ஆணைகள் வந்த வழி

2021 சனவரி 16-ஆம் நாள் இந்தியாவில் மகுடை ஊசி தொடங்கியது. முதலில் மருத்துவத்துறையினர்க்கு; ஊசிகள் இரண்டு: கோவிசீல்டு, கோவேக்சின். எதனைப் போட்டுக்கொள்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை எவர்க்கும் இல்லை என்றது தில்லியரசு. கோவேக்சினுக்கோ மூன்றாங்கட்ட ஆய்வின் பயன்விழுக்காடு வெளிவருமுன்பே இசைவு தரப்பட்டிருந்தது. அதனைப் போட்டுக்கொள்பவர் தனியே ஒப்புதல் ஆவணத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அன்றே தில்லியின் இராம் மனோகர் லோகியா மருத்துவமனையைச் சேர்ந்த உறைவிட மருத்துவர்கள், ஆய்வு முடியாத ஊசி வேண்டா, மற்றொன்றைத் தருக என்று எழுதிக் கேட்டனர். மருத்துவம் கற்றவர்களே கேட்டனர். அவர்களை எவரும் அறியாதவர் என்னவில்லை. அதே கேள்வியைத் துணிக்கடைப் பெண் கேட்டால் மட்டும் அஃது அறியாமை ஆகிவிடுவது எங்ஙனம்?

பின்னர்க் கட்டாயம் ஒவ்வொரு வாயிலாக நுழைந்தது. மேகாலயத்தில் கடைக்காரரும் தெருவணிகரும் வாடகை வண்டி ஓட்டுநரும் ஊசி போட்டால்தான் தொழில் செய்யலாம் என்று மாவட்ட ஆட்சியர்கள் ஆணையிட்டனர். குசராத்தின் சாம்நகரில் வான்படைப் பணியாளர் ஒருவர் ஊசியை மறுத்து உயர் அறமன்றம் சென்றார். படையில் மறுத்தோர் ஒன்பதின்மர் என்றும், அவருள் ஒருவர் பணியினின்றும் நீக்கப்பட்டார் என்றும் தில்லியரசின் வழக்கறிஞரே அம்மன்றத்தில் கூறினார். நீலகிரியில் 2021 செப்டம்பரில், அரசு மதுக்கடையில் குப்பி வாங்குவதற்கே சான்றிதழ் கேட்கப்பட்டது. குடிகெடுக்கும் கடையை மூடாமல் வாங்குவோனின் உடல்நலத்தில் அரசு கவலை கொண்ட அருங்காட்சி அது! அவ்வாண்டு நவம்பரில், தமிழகப் பொதுநலவாழ்வுத் துறை 1939-ஆம் ஆண்டின் பொதுநலவாழ்வுச் சட்டத்தைத் துணைக்கொண்டு, பொதுவிடங்களுக்கு வருவோர் ஊசி போட்டிருத்தல் வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தது. கடையும் ஆலையும் அரங்கும் அங்காடியும் பொதுவிடமாயின. சட்டமன்றத்தில் ஒரு நாள் உரையாடப்பட்டதா? தொழிலாளர் சங்கங்களை அழைத்து ஒரு சொல் கேட்டனரா? நூறாயிரக்கணக்கானோரின் பிழைப்பை ஓர் அலுவலகத் தாள் ஆண்டது.

இரண்டு நாக்குகள்

இனித்தான் இக்கதையின் உள்ளீடு வருகிறது. வேலைவாயிலில் கட்டாயம் என்று பேசிய நாக்கு, அறமன்ற வாயிலில் வேறு பேசியது.

2022 சனவரியில் தில்லியரசு உச்ச அறமன்றத்தில் அளித்த உறுதியுரையில், ஒருவரது இசைவின்றி வலிந்து ஊசி போடுமாறு தான் எங்கும் கூறவில்லை என்றும், எந்தப் பணிக்கும் சான்றிதழைக் கட்டாயமாக்கும் நெறிமுறை எதனையும் தான் வெளியிடவில்லை என்றும் கூறியது. அவ்வாண்டு நவம்பரில் வேறொரு வழக்கு வந்தது. கோவிசீல்டு போட்டுக்கொண்டபின் தம் பெண்மக்களை இழந்த பெற்றோர் இருவர், ஆய்வும் இழப்பீடும் வேண்டி அம்மன்றம் சென்றிருந்தனர். அவர்க்கு அரசு தந்த விடை யாது? ஊசி போட்டுக்கொள்ளுமாறு சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. எனவே அரசு அதற்குப் பொறுப்பாகாது. இழப்பீடு வேண்டுமாயின் உரிமையியல் மன்றத்தில் வழக்கிட்டுக்கொள்க என்பது.

கூலியாளனே, இதனை இருமுறை படி! ஆலைவாயிலில் நின்று, உள்ளே விடுங்கள் என்று நீ கெஞ்சியபொழுது ஊசி கட்டாயம். ஊசியால் உனக்கு ஏதேனும் நேர்ந்து, ஈடு தாருங்கள் என்று உன் பெற்றோர் கேட்டபொழுது அதே ஊசி உன் விருப்பம். ஆணை அவர்களுடையது, உடம்பு உன்னுடையது, இழப்பு உன் வீட்டாருடையது. பொறுப்பேற்க அஞ்சுபவனுக்கு ஆணையிடும் தகுதி எங்கிருந்து வந்தது?

ஊசியால் கேடுற்றோர் மிகச் சிலரே என்பது மெய். கோவிசீல்டும் பிரித்தானியாவின் ஆசுட்ரா செனிகா ஊசியும் ஒன்றே. அவ்வூசி மிக அரிதாகக் குருதி உறைவை உண்டாக்கக்கூடும் என்று அந்நிறுவனமே பிரித்தானிய மன்றத்தில் ஒப்பியதை 2024-இல் உலகம் அறிந்தது. மிக அரிது என்பதில் ஐயம் இல்லை. ஆயின் அரிது என்பதே அரசு ஈடு தருவதற்குரிய வலிய கரணியம் அன்றோ? ஊர் முழுவதும் நலம் பெற ஒருவன் வீடு இருளடைந்தால், அவ்வீட்டுக்கு விளக்கேற்ற வேண்டியது ஊரின் கடன். சிலரே என்றால் செலவும் சிறிதே. அந்தச் சிறுசெலவையும் ஏற்க மனம் இல்லாத அரசு, பெருங்கட்டாயத்தை மட்டும் விதித்தது.

பிற நாடுகளைப் பார்க்க. பிரித்தானியாவில் தடுப்பூசிக் கேட்டுக்கு ஈடளிக்கும் சட்டம் 1979-இலேயே இயற்றப்பட்டது. கடுங்கேடு உற்றவர்க்கு 1,20,000 பவுன் அளிக்கப்படுகிறது. சிங்கப்பூரிலும் 2022 தொடக்கத்தில் ஊசி போடாதவர் பணியிடம் புகத் தடை இருந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் அது நீக்கப்பட்டது. அவ்வரசு கடுமையானது என்று பெயரெடுத்த அரசு. எனினும், ஊசியால் உயிரோ உறுப்போ இழந்தவர்க்கு 2,25,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அளிக்கும் திட்டத்தை அது வகுத்திருந்தது. கேட்டவன் கொடுக்கவும் அணியமாக இருந்தான். இங்கோ கேட்கும் கை நீண்டது. கொடுக்கும் கை முடங்கியது.

மன்றங்கள் வகுத்த அளவுகோல்

இந்திய மன்றங்கள் இதில் சொன்னது தமிழர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. 2021 சூன் 23-இல் மேகாலய உயர் அறமன்றம், ஊசி காலத்தின் தேவை என்று ஏற்றுக்கொண்டே, வலிந்து போடுவதும் அதன்பொருட்டுப் பிழைப்பைப் பறிப்பதும் செல்லா என்று தீர்த்தது. அத்துடன் நில்லாது ஒரு மாற்றுவழியும் காட்டியது: ஊசி போட்டோம் என்றோ போடவில்லை என்றோ கடைக்காரரும் ஓட்டுநரும் எழுதி வைக்கட்டும், மக்கள் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும். எவன் வயிற்றிலும் அடிக்காமல் நோயைத் தடுக்க வழி உண்டு என்பதற்கு இஃது ஒன்றே போதும்.

2022 மே 2-ஆம் நாள், குழந்தை மருத்துவர் சேக்கபு புலியேல் தொடுத்த வழக்கில் உச்ச அறமன்ற நடுவர்கள் நாகேசுவரராவும் கவாயும் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கில் தமிழக அரசின் ஆணையும் ஆயப்பட்டது. உடம்பின்மீது ஒருவனுக்குள்ள உரிமை, வாழ்வுரிமையைக் காக்கும் அரசியல் சட்டத்து 21-ஆம் கூற்றுக்குள் அடங்கும். எவரையும் வலிந்து ஊசி போடச் செய்தல் இயலாது என்றனர். அதே வேளையில், பொதுநலத்துக்காக அரசு சில வரம்புகளை விதிக்கலாம் என்றும் கூறினர். ஆயின் அவ்வரம்பு மூன்று அளவுகோல்களுக்கு நிற்க வேண்டும்: அதற்குச் சட்டம் இருத்தல் வேண்டும், மெய்யான தேவை இருத்தல் வேண்டும், தேவையின் அளவை அது விஞ்சாதிருத்தல் வேண்டும். தனிமறை உரிமை பற்றி 2017-இல் நடுவர் ஒன்பதின்மர் வகுத்த அளவுகோல்கள் இவை. நோய் தணிந்திருந்த அந்நாளில் ஊசி போடாதவரை மட்டும் பொதுவிடத்தினின்றும் விலக்குவது அளவுக்கு ஒத்ததாகக் காட்டப்படவில்லை என்றும், அரசுகளும் தனியார் நிறுவனங்களும் அவ்வாணைகளை மீண்டும் ஆய்க என்றும் மன்றம் கூறியது.

நல்ல தீர்ப்பு. ஆயின் எப்பொழுது வந்தது? நோய் தணிந்தபின் வந்தது. ஆணைகளால் வேலை இழந்தவன் அரிசிக் கடனை அடைத்து முடிக்குமுன் வந்தது. அறமன்றத்தின் அறம் கூலியாளின் அடுப்பு அணைந்த பிறகே வந்து சேர்கிறது. ஆதலின் மன்றத்தை மட்டும் நம்பியிருத்தல் பேதைமை. அந்த மூன்று அளவுகோல்களையும் முன்கூட்டியே சட்டமாக்கிக் கையில் வைத்திருத்தலே அறிவுடைமை.

தமிழன் கழுத்தில் தொங்கிய தகரம்

கூலிக்காக உடம்பைப் பிறர் கையில் ஒப்படைப்பது தமிழனுக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டு ஏழைகள் பிடித்துச் செல்லப்பட்ட காலத்தில், இராமநாதபுரக் கடற்கரையில் மண்டபம் முகாம் எழுந்தது. நம் மண்ணில் இருந்தாலும் அதனை நடத்தியது இலங்கை அரசு. கங்காணி கூட்டி வந்தவர்களை அங்கே சில நாள் அடைத்து வைத்து, அம்மை குத்தி, துணிகளை வெந்நீராவியில் இட்டு, புழுநீக்க மருந்து புகட்டிய பின்னரே கப்பலேற்றினர். எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்னும் குறி பொறித்த தகரத் துண்டு அவர்தம் கழுத்தில் தொங்கியது. கடைச்சரக்கின் மேல் ஒட்டும் சீட்டுக்கும் அதற்கும் வேறுபாடு என்ன?

அம்மை குத்தியது அவர்களுக்கு நன்மையே. வாந்திபேதியும் அம்மையும் தோட்டங்களில் பரவாமல் தடுத்ததும் நன்மையே. ஆயினும் அவர்கள் இசைவை எவர் கேட்டார்? மலையகத்துக்குப் போன பின் ஒற்றை அறையில் குடும்பத்தோடு முடங்கி, குளிரிலும் பட்டினியிலும் மெலிந்து செத்தபொழுது, அந்த மருத்துவ அக்கறை எங்கே போயிற்று? தோட்டக்காரன் காத்தது கூலியாளின் உடம்பை அன்று. அவ்வுடம்பில் தான் போட்டிருந்த முதலை. நலம் என்னும் சொல் முதலாளியின் வாயினின்றும் வரும்பொழுதெல்லாம், எவர் நலம் என்று கேட்கத் தமிழன் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் மண்டபத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

அப்பாடம் பழங்கதையும் அன்று. கடலூர் மாவட்டத்து ஊர்களினின்றும் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன இளைஞர் பலர். 2020 ஏப்பிரலில் நோய் பரவியபொழுது அயலகத் தொழிலாளர் முந்நூறாயிரம் பேர் அங்குள்ள தங்குமனைகளில் அடைக்கப்பட்டனர். நகரத்தார்க்குத் தெரு திறந்த பின்னும் இவர்க்கு வெளியே செல்லத் தனி இசைவுச்சீட்டு வேண்டியிருந்தது. அவர்களுக்கு நோய் பரவியதற்குக் கரணியம் அவர்கள் கல்லாமையா? ஓர் அறையில் பன்னிருவரையும் இருபதின்மரையும் படுக்க வைத்த இடநெருக்கடி அன்றோ? நெருக்கியவன் குற்றம் மறைந்தது. நெருக்கப்பட்டவன் மேல் பூட்டு விழுந்தது.

எந்தச் சான்றிதழை யார் காட்டுவது?

இனி நம் மாவட்டத்துக்கே வருவோம். கோயம்பேட்டு அங்காடி மூடப்பட்டு, அங்கு மூட்டை சுமந்தவர் ஊர் திரும்பிய 2020 மே முதற் கிழமையில், கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர்க்கு நோய் கண்டது. அவர்களைத் தேடிப் பிடித்து, தனியே வைத்து, தெருவை அடைத்து, கதவில் தாள் ஒட்டினர். அதே கிழமையில், மே 7-ஆம் நாள், நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் வெந்தனர்; சிலர் மாண்டனர். ஏறத்தாழ எட்டுக் கிழமை கழித்து, சூலை 1-ஆம் நாள், அதே நிலையத்தில் மீண்டும் ஒரு கொதிகலன் வெடித்தது. அறுவர் அவ்விடத்திலேயே மடிந்தனர்; மருத்துவமனையில் மேலும் பலர் மடிந்தனர். 2021 மே 13-ஆம் நாள், கடலூர்ச் சிப்காட்டுத் தொழிற்பேட்டையில் குடிகாட்டில் உள்ள பூச்சிமருந்து ஆலை ஒன்றில் வெடிப்பு நேர்ந்து நால்வர் இறந்தனர்.

ஒரே மாவட்டம், ஒரே கொள்ளைநோய்க் காலம். தொழிலாளி வாயிலில் நுழையும்பொழுது அவன் நெற்றியில் வெப்பமானியை நீட்டினர். அவன் கைப்பேசியில் ஊசிச் சான்றிதழைத் தேடினர். கொதிகலனின் சான்றிதழ் எங்கே என்று அவன் திரும்பக் கேட்கலாமா? குழாய்களையும் கலன்களையும் எவர், என்று ஆய்ந்தார் என்னும் தாளை வாயிலில் ஒட்டுங்கள். பின்னர் என் சான்றிதழைக் காட்டுகிறேன் என்று சொல்லலாமா? சொன்னால் மறுநாள் ஒப்பந்தக்காரன் அவனை அழைக்கமாட்டான். பணியிடத்தில் நலக்கடமை என்பது இருபுறமும் ஓடவேண்டிய ஆறு. அதனை ஒருபுறம் மட்டும் பாயும் வாய்க்காலாக வெட்டிவிட்டனர்.

செவிலியர் கதையும் இதுவே. 2020-இல் நோயச்சத்தால் ஊரே கதவடைத்தபொழுது, தமிழக அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறையில் செவிலியர் அமர்த்தப்பட்டனர். கவசவுடைக்குள் வெந்து வேலை செய்தவர்கள் அவர்கள். ஊசியும் கட்டாயம், ஆய்வும் கட்டாயம், இரவுப்பணியும் கட்டாயம். அவர்களுள் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் 2022 திசம்பர் 31-ஆம் நாளோடு பணிமுடிந்தவராக அனுப்பப்பட்டனர். புத்தாண்டைத் தெருவில் போராட்டத்தோடு தொடங்கினர். கைதட்டும்பொழுது தெய்வம்; கணக்கு முடிக்கும்பொழுது தற்காலிகம். கட்டாயத்துக்கு உரியவரான அன்று அவர்கள் முழு ஊழியர். உரிமை கேட்ட அன்று மட்டும் அரை ஊழியர்.

புரியாத மொழியில் இசைவு ஏது?

ஒருவன் இசைந்தான் என்று சொல்ல வேண்டுமாயின், எதற்கு இசைந்தான் என்பது அவனுக்குப் புரிந்திருத்தல் வேண்டும். ஊசிக்குப் பதிவு செய்ய தில்லியரசு அமைத்த கோவின் என்னும் இணையத்தளம் முதலில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. 2021 சூன் தொடக்கத்தில் இந்தியையும் வேறு பல மொழிகளையும் அதில் சேர்த்தனர். தமிழ் அங்கு இல்லை! எண்கோடிக்கு அணித்தான மக்கள் பேசும் மொழி, செம்மொழி என்று அவ்வரசே ஏற்ற மொழி, உயிர்காக்கும் பட்டியலில் மறக்கப்பட்டது. தமிழக அரசு கேள்வி எழுப்பிய பின்னரே சேர்த்தனர்.

இதனைச் சிறுபிழை என்பார் உளர். உயிர்ச் செய்தியில் மொழிப்பிழை சிறுபிழை ஆகாது. ஊசியின் பயன் யாது, பின்விளைவு யாது, எவர் மருத்துவரைக் கேட்டபின் போட வேண்டும், கேடு நேரின் எவரிடம் முறையிட வேண்டும் என்னும் நான்கு செய்திகளும் அவன் தாய்மொழியில் அச்சிட்ட தாளில் அவன் கையில் சேராதவரை, அவன் நீட்டிய கையில் இருப்பது இசைவு அன்று, அச்சம். பரங்கிப்பேட்டை மீனவனும் பண்ணுருட்டி முந்திரி உடைக்கும் பெண்ணும் தில்லைத் துப்புரவுத் தொழிலாளியும் தமிழில் கேட்டுத் தமிழில் ஐயம் தீர்ந்து கை நீட்டினால், கட்டாயமே வேண்டியிருக்காது.

ஊசியைச் செய்யும் திறமும் நம்மிடம் இல்லாததன்று. கிண்டியிலும் குன்னூரிலும் நூற்றாண்டுக் காலமாகவே மருந்தாய்வு வேரூன்றியிருந்தது. 2008-இல் தில்லியரசு உரிமத்தை நிறுத்திவைத்த பொதுத்துறைத் தடுப்பூசிக் கூடங்கள் மூன்றனுள் இரண்டு, குன்னூரும் கிண்டியும், தமிழகத்தவை. பின்னரே உரிமம் மீண்டது. செங்கற்பட்டில் பன்னூறு கோடி உருபாச் செலவில் எழுப்பிய ஊசிக்கூடம், நாடு ஊசிக்குத் தவித்த 2021 மே திங்களில் ஓசையின்றிக் கிடந்தது. அதனைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு தமிழக முதலமைச்சர் நேரில் சென்று பார்த்துக் கேட்டும் பயன் விளையவில்லை. செய்யும் கடமையில் துயின்றவர் போடும் கட்டாயத்தில் மட்டும் விழித்தனர்.

எதிருரைக்கு விடை

'ஒருவன் மறுத்தால் அவனால் பத்துப் பேர்க்கு நோய் பரவுமே. அவன் உரிமை பிறர் உயிரினும் பெரிதா?' என்று கேட்பர். ஞாயமான கேள்வி, இதனைத் தட்டிக் கழித்தல் ஆகாது. பிறர் உயிரைக் காப்பது எவர்க்கும் கடன். புற்றுநோயாளியின் கட்டிலருகே நிற்கும் செவிலிக்கும், வயலில் தனியே ஏரோட்டுபவனுக்கும் அக்கடன் ஒரே அளவினதா என்பதுதான் எதிர்க்கேள்வி. 2022 சனவரி 13-இல் அமெரிக்க உச்ச அறமன்றம் ஒரே நாளில் இரண்டு முடிவுகள் தந்தது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அனைத்திலும் ஊசியோ ஓயாத ஆய்வோ வேண்டும் என்ற ஆணையைத் தடுத்தது; அரசுப் பணம் பெறும் மருத்துவமனை ஊழியர்க்கு ஊசி வேண்டும் என்ற ஆணையை விட்டுவைத்தது. அதன் கரணியங்கள் முழுவதையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. இடமறிந்து அளவறிந்து விதித்தல் வேண்டும் என்னும் கருத்தை ஏற்கலாம். அந்நாட்டில் 1905-இல் பெரியம்மை ஊசிக் கட்டாயத்தைச் சரி என்று அம்மன்றம் தீர்த்த புகழ்பெற்ற வழக்கிலும், மறுத்தவனுக்கு விதித்த தண்டம் ஐந்து தாலர்தான்; அவன் பிழைப்பை எவரும் பறிக்கவில்லை.

ஊசி போட்டவர்க்கும் மீண்டும் நோய் வந்தது, அவராலும் பரவியது என்பதை 2022 தொடக்கத்தில் வந்த ஓமிக்கிரான் அலை எல்லார்க்கும் காட்டியது. அந்நிலையில், ஊசி போடாதவன் ஒருவனே நோயின் ஊற்று என்று அவனை மட்டும் வெளியே நிறுத்துவது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது. முகக்கவசம், இடைவெளி, காற்றோட்டம், முறைமாற்றப் பணி, நோய்க்குறி கண்டால் கூலியோடு ஓய்வு எனப் பல வழிகள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் முதலாளிக்குச் செலவு உண்டு. சான்றிதழ் கேட்பதற்குச் செலவு இல்லை. ஆகவேதான் சான்றிதழே எல்லார்க்கும் இனித்தது.

தமிழகம் செய்ய வேண்டுவது

கொள்ளைநோய் நாள் பார்த்து வருவதில்லை. அடுத்தது வருமுன், தமிழகச் சட்டமன்றம் கீழ்க்காணும் ஆறனையும் சட்டமாக்குதல் வேண்டும்.

1. பணியிடத்து மருத்துவக் கட்டாயம் எதுவாயினும் சட்டமன்றம் ஏற்ற சட்டத்தின்கீழ் மட்டுமே விதிக்கப்படுதல் வேண்டும். அது முடியும் நாளும் அதிலேயே குறிக்கப்படுதல் வேண்டும். சுற்றறிக்கையால் எவன் வேலையும் போகலாகாது.

2. இடரின் அளவுக்கு ஏற்பவே கட்டாயம். மறுப்பவர்க்கு மாற்றுப்பணியோ ஆய்வோ ஓய்வோ தருதல் வேண்டும், பணிநீக்கம் கூடாது.

3. ஊசி போடும் நாளுக்கும் அதனால் வரும் காய்ச்சல் நாள்களுக்கும் முழுக்கூலி. நாட்கூலியாளர்க்கும் ஒப்பந்தத்தார்க்கும் இது பொருந்துதல் வேண்டும்.

4. ஊசியால் கேடுற்றவர்க்கு, எவர் பிழை என்று வழக்காடச் செய்யாமல், அரசே ஈடளிக்கும் நிலையான பொருட்குவை ஒன்று வேண்டும்.

5. பயனும் பின்விளைவும் முறையிடும் வழியும் தமிழில் அச்சிட்டுத் தரப்பட்ட பின்னரே ஒப்புதல் பெறுதல் வேண்டும். புரியாத மொழியில் பெற்ற கையெழுத்துச் செல்லாது.

6. தொழிலாளியின் சான்றிதழைக் கேட்கும் நிறுவனம், தன் கலன்களும் பொறிகளும் ஆயப்பட்ட சான்றிதழைத் தன் வாயிலிலேயே தமிழில் ஒட்டி வைத்தல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் ஊசிக்கு எதிரானதன்று. ஆறும் நிறைவேறிய நாட்டில் ஊசியை மறுப்பவர் விரல்விட்டு எண்ணும் அளவினரே இருப்பர். நம்பிக்கை இருக்கும் இடத்தில் கட்டாயத்துக்கு வேலை இல்லை. நம்பிக்கையை வளர்க்கச் சோம்பியவனே கோலைத் தேடுகிறான்.

தொழிலாளத் தோழர்களே! இந்த ஆறனையும் உங்கள் சங்கக் கூட்டத்தில் படியுங்கள். தீர்மானமாக்கி உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்க்கு விடுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம், எவரேயாயினும், இதனைக் கொடுத்து விடை கேளுங்கள். நோய் வந்த பிறகு கேட்டால், இது கேட்கும் நேரமா என்று வாயடைப்பர். நோய் இல்லாத இந்நாளே கேட்கும் நேரம்.

மஞ்சக்குப்பத்துத் துணிக்கடைப் பெண்ணின் கேள்வி இன்னும் விடையின்றி நிற்கிறது. அந்த இரண்டு நாள் கூலியை யார் தருவார்? அதற்கு விடை சொல்ல இயலாத எந்த அரசும், எந்த முதலாளியும், அவள் கையைத் தொட உரிமை உடையர் அல்லர். அவள் கூலிக்கு விற்றது உழைப்பை; உடம்பு அவளுடையது. அதனைக் கேட்பவர் முதலில் பொறுப்போடு வரட்டும், தமிழில் பேசட்டும், ஈட்டுக்கு உறுதி சொல்லட்டும். அதன்பின் அவளே கையை நீட்டுவாள்!